ரி.வி.யில் கொழுவிய கணனி



வருஷப்பிறப்பு மலர் என்றால் ஊர் நினைவு, கோயில், பண்பாடு என்று கட்டுரைகள் வருவது வழக்கம். இந்த முறை ஒரு பழைய கணனியின் சரித்திரத்தை எழுத எனக்கு ஆசை. இதுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. 1983 ஆடிக்குப் பிறகு பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்த எங்கட சனத்தின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலோ சிநேகிதர் வீட்டிலோ முதன்முதல் விரல் வைத்தது இந்தக் கணனிகளில்தான். இன்னொரு சம்பந்தமும் இருக்கு. அதைக் கசெற் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

நூறு பவுணுக்குக் கீழே

1970களின் தொடக்கத்தில் கணனி என்பது பல்கலைக்கழகத்திலும் வங்கியிலும் தனி அறைக்குள் பூட்டி வைத்திருந்த சாமான். 1977இல் அமெரிக்காவில் அப்பிள் 2, கொமடோர் பெட், ரி.ஆர்.எஸ். 80 என்று மூன்று கணனிகள் கடைக்கு வந்தன. பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும். ஆனால் விலை சம்பளக்காரக் குடும்பத்துக்கு எட்டாத விலை.

இங்கை அந்த விலையை உடைத்தவர் கிளைவ் சிங்கிளயர். முதலில் சட்டைப் பையில் வைக்கும் கணிப்பான்கள் செய்து பெயர் எடுத்தவர். 1980இல் அவருடைய சற்.எக்ஸ். 80 கணனி 99.95 பவுணுக்கு வந்தது. பாகங்களாக வாங்கி நீங்களே ஈயம் உருக்கி ஒட்டினால் 79.95 பவுண். அடுத்த வருஷம், 1981 மார்ச்சில், சற்.எக்ஸ். 81 வந்தது. விலை 69.95 பவுண், பாகங்களாக வாங்கினால் 49.95 பவுண். ஸ்கொட்லாந்தில் டண்டீ நகரில் இருந்த ரைமெக்ஸ் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் இதைச் செய்தார்கள். தபால் மூலமும், பிறகு டபிள்யூ. எச். ஸ்மித் கடைகளிலும் வாங்கலாம்.

அதன் நினைவகம் ஒரு கிலோபைற். அதாவது 1,024 ஆங்கில எழுத்துகளைப் பிடிக்கும் இடம். அதிலும் ஒரு பங்கை இயந்திரம் தன் சொந்தத் தேவைக்கு எடுத்துவிடும். நிறமும் இல்லை, சத்தமும் இல்லை. நினைவகம் போதாது என்றால் 16 கிலோபைற் பெட்டி ஒன்றை வாங்கிப் பின்பக்கம் செருக வேணும். அந்தப் பெட்டி கொஞ்சம் ஆடினாலும் போச்சு, இரண்டு மணித்தியாலம் தட்டியது முழுக்க அழிந்துவிடும். சுவரில் படம் ஒட்டும் புளூ ராக் பசையால் அதை அசையாமல் ஒட்டி வைத்தவர்கள் ஏராளம். இவ்வளவு குறை இருந்தும் 15 இலட்சம் வரை விற்றது. விலைதான் காரணம்.

ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு

1982 ஏப்ரல் 23, எங்கட சித்திரை வருஷம் பிறந்து ஒன்பது நாள். அன்றைக்குத்தான் சற்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் அறிமுகமானது. 16 கிலோபைற் உள்ளது 125 பவுண், 48 கிலோபைற் உள்ளது 175 பவுண். கறுப்புப் பெட்டி, மூலையில் வானவில் கோடு, அழிறப்பர் மாதிரி 40 விசைகள். உள்ளே சைலொக் நிறுவனத்தின் சற் 80 ஏ சில்லு. றிச்சர்ட் ஓல்ற்வாசர் மின்சுற்றை வடிவமைத்தார். ஸ்ரீவ் விக்கர்ஸ் பேசிக் மொழியை எழுதினார். வெளித்தோற்றம் றிக் டிக்கின்சனுடையது. இந்தக் குடும்பத்துக் கணனிகள் எல்லாம் சேர்த்து 50 இலட்சத்துக்கு மேல் விற்றன.

அதே நேரம் பி.பி.சி. நிறுவனமும் ஒரு காரியம் செய்தது. நாட்டு மக்களுக்குக் கணனி படிப்பிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று தயாரித்து, அதனோடு பாவிக்க ஒரு கணனியும் வேணும் என்று கேட்டது. சிங்கிளயரும் கேட்டார். ஆனால் ஒப்பந்தம் கிடைத்தது கேம்பிரிட்ஜிலிருந்த ஏகோர்ன் நிறுவனத்துக்கு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் கறி முன்பு சிங்கிளயரிடம் வேலை செய்தவர். மற்றவர் ஒஸ்திரியாவிலிருந்து வந்த ஹேர்மன் ஹௌசர். பி.பி.சி. மைக்ரோ 1981 டிசம்பரில் வந்தது, தொலைக்காட்சித் தொடர் 1982 ஜனவரியில் தொடங்கியது. அரசாங்கம் பள்ளிக்கூடங்களுக்குக் கணனி வாங்கப் பாதிக் காசு கொடுத்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் படித்த பிள்ளைகள் எவரைக் கேட்டாலும், வகுப்பு மூலையில் நின்ற பழுப்பு நிறப் பெட்டியையும் அதன் சிவப்பு விசைகளையும் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

இதிலே ஒரு விசேஷம். ஏகோர்னில் வேலை செய்த சோபி வில்சனும் ஸ்ரீவ் பேர்பரும் அடுத்த கணனிக்காகப் புதுச் சில்லு ஒன்றை வடிவமைத்தார்கள். அது முதன்முதல் இயங்கியது 1985 ஏப்ரல் 26. அதன் பெயர் ஆம். இன்றைக்கு உங்கட கையில் இருக்கும் தொலைபேசி எந்தக் கொம்பனியுடையது என்றாலும், அதற்குள் இருப்பது அநேகமாக அந்த வம்சத்துச் சில்லுதான்.

ஒரு அகதி செய்த கணனி

எங்கட சங்கத்தின் மலரில் இவரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஜக் ட்ரமியல் 1928இல் போலந்தின் வூட்ஜ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகள் நாட்டைப் பிடித்த பின் அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து ஜேர்மனியில் ஹனோவர் நகருக்குப் பக்கத்தில் ஒரு அடிமை வேலை முகாம். 1945 ஏப்ரலில் விடுதலையானபோது அவருக்கு 16 வயது. 1947இல் அமெரிக்காவுக்குப் போனார். இராணுவத்தில் சேர்ந்து தட்டச்சு இயந்திரம் திருத்தப் பழகினார். வெளியில் வந்து நியூயோர்க்கில் தட்டச்சு இயந்திரத் திருத்தக் கடை போட்டார். பிறகு கனடாவில் ரொறன்ரோவுக்கு மாறி கொமடோர் நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். தட்டச்சு இயந்திரம், பிறகு கணிப்பான், பிறகு கணனி.

1982இல் வந்த கொமடோர் 64 உலகத்தில் மிக அதிகமாக விற்ற வீட்டுக் கணனிகளில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படுவது. குறைந்த கணக்குப்படி பார்த்தாலும் ஒரு கோடிக்கு மேல். ஜேர்மனியிலும் நிறைய விற்றது. தன்னை அடிமையாக வைத்திருந்த நாட்டுப் பிள்ளைகள் தன் கணனியில் விளையாடுவதை அந்த மனிதர் உயிரோடிருந்து பார்த்தார். 2012 ஏப்ரலில் காலமானார். கைத்தொழில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்நிய நாட்டில் எழும்பி நின்றவர்களின் கதை எங்களுக்கு விளங்கும்.

முதல் நாள்

புதிதாக வாங்கியவர் என்ன செய்தார்? பெட்டிக்குள் கணனி, மின்சாரப் பெட்டி, ரி.வி. வயர், கசெற் வயர், புத்தகம். திரை தனியாக இல்லை. வீட்டு ரி.வி.தான் திரை. அன்ரனா செருகும் துளையில் வயரைக் கொழுவி, ரி.வி.யை 36ஆம் அலைவரிசைக்குத் திருப்ப வேணும். வீட்டில் ஒரு ரி.வி. என்றால், செய்தி பார்க்க வந்த தகப்பனோடு சண்டையும் வேணும்.

மின்சாரம் கொடுத்தால் வெள்ளைத் திரையின் அடியில் சிங்கிளயர் பெயரும் 1982 என்ற வருஷமும் வரும். அவ்வளவுதான். படம் இல்லை, அமுக்கப் பொத்தான் இல்லை. நீங்கள் ஏதாவது சொல்லும் வரைக்கும் அது சும்மா இருக்கும். சொல்ல வேண்டிய மொழி பேசிக். ஸ்பெக்ட்ரமில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டத் தேவையில்லை. பி விசையை அமுக்கினால் பிரிண்ட் என்ற முழுச் சொல்லும் வரும், ஜி என்றால் கோ டு, ஜே என்றால் லோட். பெரும்பாலானோர் எழுதிய முதல் புரோகிராம் இந்த மாதிரித்தான்:

10 பிரிண்ட் "வணக்கம்"
20 கோ டு 10

பத்தாம் வரி, மேற்கோளுக்குள் இருப்பதைத் திரையில் எழுது என்கிறது. இருபதாம் வரி, திரும்பப் பத்துக்குப் போ என்கிறது. ஓட விட்டால் திரை மேலிருந்து கீழ் வரைக்கும் அதே சொல் 22 வரி நிறைந்து, "இன்னும் உருட்டட்டுமா" என்று அடியில் கேட்டுக்கொண்டு நிற்கும். வரிகளைப் பத்துப் பத்தாக எண்ணுவதற்குக் காரணம் இருக்கு. பிறகு இடையில் ஒரு வரி செருக நினைத்தால் 15 என்று போடலாம்.

இந்தச் சின்ன வேலையில் பிள்ளைக்கு ஒரு விஷயம் பிடிபடும். இயந்திரம் தானாக ஒன்றும் செய்யாது, சொன்னதைச் சொன்னபடி செய்யும், பிழையாகச் சொன்னால் பிழையாகச் செய்யும். மாத சஞ்சிகைகளில் பக்கம் பக்கமாகப் புரோகிராம்கள் அச்சில் வரும். அதைப் பார்த்துத் தட்டி, ஒரு காற்புள்ளி விட்டதால் ஓடாமல் நின்றதைத் தேடித் தேடித் திருத்திப் பழகியவர்கள்தான் பிறகு இந்த நாட்டின் மென்பொருள் தொழிலுக்குப் போனார்கள். 1983இல் மனிக் மைனர் என்ற விளையாட்டை எழுதிய மத்தியூ ஸ்மித்துக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு பானா

எங்கட தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "அங்கிள், அந்தக் கொம்பியூட்டரிலை தமிழ் இருந்ததோ?" நல்ல கேள்வி. இருக்கவில்லை. ஆனால் செய்யலாம்.

ஸ்பெக்ட்ரம் திரையில் ஒவ்வொரு எழுத்தும் எட்டு வரி, வரிக்கு எட்டுக் கட்டம். கறுப்புக் கட்டத்துக்கு 1, வெறும் கட்டத்துக்கு 0. ப என்ற எழுத்தை இப்படிப் போடலாம்:

00000000
01000010
01000010
01000010
01000010
01000010
01111110
00000000

கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கோ, பானா தெரியும். 01000010 என்பதைச் சாதாரண எண்ணில் சொன்னால் 66, அடிக்கோடு 126. போக் என்ற கட்டளையால் இந்த எட்டு எண்களையும் நினைவகத்தில் உரிய இடத்தில் வைத்தால், அதற்குப் பிறகு ஒரு விசையை அமுக்கத் திரையில் ப வரும். முதல் வரி வெறுமையாக இருக்கிறது பாருங்கோ, அதில் 00011000 என்று போட்டால் மேலே புள்ளி விழுந்து ப் ஆகிவிடும். வலப்பக்கத்து நிமிர்ந்த கோட்டை எடுத்துவிட்டால் ட.

இப்படி நாங்களாகச் செய்யும் எழுத்துக்கு ஸ்பெக்ட்ரம் ஒதுக்கிய இடம் 21. எங்களுக்கோ உயிர் 12, மெய் 18, அதுவே 30. உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்த்தால் 247. ணகரத்துக்கு ஒரு பெட்டி காணாது, பக்கத்தில் இரண்டு பெட்டி வேணும். இன்னும் கெட்டிக்காரராக இருந்தால் ஆங்கில எழுத்துகள் இருக்கும் 96 இடத்தையும் மாற்றி, அவற்றுக்குத் தமிழ் உடுப்புப் போடலாம்.

இந்த உடுப்பு வித்தையைத்தான் பிறகு நாங்கள் எல்லோரும் பாவித்தோம். 1990களில் புலம்பெயர்ந்த தமிழர்கள் சஞ்சிகை அச்சடித்த பாமினி எழுத்துரு இதே மாதிரி. கணனிக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்து, தமிழ் மேலே போர்த்த போர்வை. பாமினி இல்லாத கணனியில் திறந்தால் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று கிடக்கும். பழைய சங்க மலர்களின் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கண்றாவி தெரியும்.

1991இல் வந்த யூனிகோட் முறை இதை மாற்றியது. உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் சொந்த இலக்கம். அ என்றால் 2949, ப என்றால் 2986. எவரிடமும் கடன் வாங்கிய இடம் இல்லை. ஆனாலும் அது சாதாரண வீட்டுக் கணனியில் சரியாகத் தெரிவதற்கு விண்டோஸ் 2000 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது.

கசெற்

இனி முன்பு சொன்ன இன்னொரு சம்பந்தம். ஸ்பெக்ட்ரமை நிற்பாட்டினால் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். சேமித்து வைப்பது பாட்டுக் கசெற்றில். அதே கசெற், அதே ரேப் றெக்கோடர். எண்களை இரண்டு விதமான சத்தமாக மாற்றி ரேப்பில் பதியும். திரும்ப ஏற்றும்போது கீச்சென்ற சத்தம் வரும், திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். ஒரு முழு விளையாட்டு ஏற ஐந்து நிமிஷம். கடைசி நேரத்தில் "ரேப் லோடிங் எரர்" என்று வந்தால் முதலில் இருந்து தொடங்க வேணும். ரேப்பை வாசிக்கும் தலைப்பகுதி சற்றுச் சரிந்திருந்தால் இது நடக்கும். பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பிச் சத்தம் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் விட்டால் சரி.

அந்த றெக்கோடர் எங்கட வீடுகளில் வேறு வேலையும் செய்தது. யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுக்க முடியாத காலம். கொழும்பிலிருந்து வருபவர் கையில் கொடுத்துவிட்ட கசெற்றில் அம்மாவின் குரல் வரும். பின்னால் கோழி கூவும், கிணற்றுக் கப்பி சத்தம் கேட்கும். இங்கையிருந்து நாங்களும் பேசி அனுப்பினோம். அந்தக் கசெற்றுகள் இன்றும் பல வீடுகளில் சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கின்றன. பேசியவர்கள் பலர் இப்போது இல்லை.

காந்த நாடாவுக்கு ஆயுள் உண்டு. ஸ்பெக்ட்ரம் பிரியர்கள் இதை 1990களிலேயே உணர்ந்தார்கள். பரண் பரணாகத் தேடி, ஆயிரக்கணக்கான விளையாட்டுக் கசெற்றுகளைக் கணனிக் கோப்புகளாக மாற்றி எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். எவரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு பாடுபட்டார்கள் என்றால், அம்மாவின் குரலுக்கு நாங்கள் படக் கூடாதா?

செய்வது பெரிய வேலை இல்லை. முதலில் கசெற்றின் மேல் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளை உடைத்துவிடுங்கோ, அப்ப தவறுதலாக அழிந்து போகாது. ஒருமுறை கடைசி வரைக்கும் சுற்றித் திரும்பச் சுற்றுங்கோ. றெக்கோடரின் தலையைச் சுத்தமான அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கோ. இயர்போன் துளையிலிருந்து கணனிக்கு வயர் கொழுவி, ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் பதியலாம். குரல் மந்தமாக இருந்தால் மேலே சொன்ன அதே திருகாணி வித்தை இங்கையும் உதவும்.

தொடங்க விரும்புவோருக்கு

சிங்கிளயர் தன் கணனி வியாபாரத்தை 1986இல் அம்ஸ்ராட் நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுணுக்கு விற்றார். டண்டீ தொழிற்சாலை நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1993இல் மூடப்பட்டது. சிங்கிளயர் 2021இல் காலமானார். ஆனால் பழைய கணனியில் பழக ஆசைப்படுபவர்களுக்கு வழி இருக்கு.

1. காசு செலவில்லாத வழி, இன்றைய கணனிக்குள் ஸ்பெக்ட்ரமாக நடிக்கும் மென்பொருள். அதற்குத் தேவையான உள்நிரலை விநியோகிக்க அம்ஸ்ராட் 1999இல் அனுமதி கொடுத்தது. முதலில் இதில் பழகுவது நல்லது.

2. 2024இல் பழைய உருவத்திலேயே, புதிய ரி.வி.யில் நேராகக் கொழுவக்கூடிய ஸ்பெக்ட்ரம் ஒன்று விற்பனைக்கு வந்தது. ரப்பர் விசையில் தட்ட விரும்புவோருக்கு அது பொருத்தம்.

3. உண்மையான பழையது கிடைத்தால் உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். ஸ்பெக்ட்ரமின் மின்சாரப் பெட்டி 9 வோல்ற், நடு முனை நெகற்றிவ். இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் நடு முனை பொசிற்றிவ், மாறிக் கொழுவினால் கணனி எரிந்துவிடும். கொமடோர் 64இன் பழைய மின்சாரப் பெட்டி பழுதாகும்போது கூடுதல் வோல்ற் கொடுத்துச் சில்லுகளைக் கொல்லும், புதிதாகச் செய்தது வாங்குங்கோ. விசைகளுக்கு அடியில் உள்ள பிளாஸ்ரிக் தாள் காய்ந்து உடைந்திருக்கலாம், அதுவும் புதிதாக விற்பனையில் இருக்கு.

4. பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் கேம்பிரிட்ஜில் கணனி வரலாற்று நிலையம் இருக்கு, பிளெச்லி பார்க்கில் தேசியக் கணனி அருங்காட்சியகம் இருக்கு. பள்ளி விடுமுறையில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகலாம்.

4 கிகாபைற் நினைவகம் உள்ள ஒரு தொலைபேசி 48 கிலோபைற் ஸ்பெக்ட்ரமைப் போல 87,000 மடங்குக்கு மேல் பெரியது. அதில் எங்கட பிள்ளைகள் பார்ப்பது கூட, செய்வது குறைவு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர்களோடு இருந்து, கோடு போட்ட தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறி, தங்கட பெயரின் முதல் தமிழ் எழுத்தை 1உம் 0உமாக எழுதச் சொல்லிப் பாருங்கோ. தமிழ் எழுத்தும் பழகும், கணனியும் விளங்கும்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் உள்ள ஊர்க் கசெற்றுகளையும், பாமினியில் தட்டிய பழைய மலர்க் கோப்புகளையும் இந்த வருஷத்துக்குள் மாற்றி வையுங்கோ. வயர் கொழுவத் தெரியாது என்றால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கோ, அவர்களும் அந்தக் குரல்களை ஒருக்காக் கேட்டதாக இருக்கும்.

எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.